ரிங் ஃபிட் விளையாடுவதை உடற்பயிற்சி என்று கணக்கில் எடுக்கலாமா?

இரண்டாம்மாடி எழுதியது:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 38, எடை 82 கிலோ, வீட்டிலிருந்தே வேலை. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்திருப்பது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உடம்பை அசையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஜிம் பற்றி யாரும் பேச வேண்டாம். ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு மொத்தம் பதினோரு நாள் போன ஆள் நான்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பொங்கலுக்கு வந்தபோது நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியும், அதில் ஆடும் ரிங் ஃபிட் அட்வென்ச்சரும் கொடுத்துவிட்டுப் போனான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கார் ஸ்டீயரிங் மாதிரி ஒரு வளையம், அதில் ஒரு கன்ட்ரோலர். இடது தொடையில் ஒரு பட்டை, அதில் இன்னொரு கன்ட்ரோலர். நின்ற இடத்திலேயே ஓடினால் திரையில் நம் ஆள் ஓடுவான். எதிரி வந்தால் பட்டனை அமுக்கி அடிக்க முடியாது, பஸ்கி எடுத்துத்தான் அடிக்க வேண்டும். இல்லையென்றால் வளையத்தை நெஞ்சுக்கு நேராக அமுக்க வேண்டும், அல்லது படுத்துக்கொண்டு காலைத் தூக்க வேண்டும். வில்லன் ஜிம் பாடி வைத்த ஒரு டிராகன். குழந்தைத்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவனை விடக்கூடாது என்று ஒரு வெறி வருகிறது, என்ன செய்ய.

மூன்று வாரமாக வாரம் 4 நாள் ஆடுகிறேன். முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினேன், தொடை அப்படி வலித்தது. ஆனால் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "டாக்டர் சொன்னது நடக்கச் சொல்லி, நீ டிவி முன்னாடி குதித்துவிட்டு அதை நடையில் வரவு வைக்கிறாய்" என்கிறாள்.

எனக்கு மூன்று சந்தேகம். இது நிஜமாகவே உடற்பயிற்சிதானா? ஒரே ஆட்டத்துக்குக் கையில் கட்டிய கடிகாரம் 290 கலோரி என்கிறது, விளையாட்டு 95 என்கிறது, யார் சொல்வது சரி? அப்புறம் முதல் நாளே கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அதனால் சத்தமில்லாத முறைக்கு மாற்றிவிட்டேன். அதில் ஓட வேண்டாம், முட்டியை மடக்கி மடக்கி நிமிர்ந்தால் போதும். இதில் பலன் குறைந்துவிடுமா?

நடைராஜா எழுதியது:

உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி தம்பி. கோபப்படாமல் கேளுங்கள்.

2008 வாக்கில் எங்கள் வீட்டிலும் வீ என்ற விளையாட்டுக் கருவி ஒன்று வந்தது. அதுவும் இதே நிண்டெண்டோதான், உங்கள் ரிங்குக்குப் பாட்டன். டென்னிஸ், பௌலிங், குத்துச்சண்டை எல்லாம் இருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் ஹாலில் நின்று மட்டை வீசியது, என் மாமியார் உட்பட. இரண்டாம் வாரம் என் பெரிய பையன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கன்ட்ரோலருக்குத் தெரிவது கை அசைந்த வேகம் மட்டும்தான், நீ நிற்கிறாயா படுத்திருக்கிறாயா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கப்புறம் சோபாவில் சாய்ந்துகொண்டு, இடது கையில் முறுக்குத் தட்டு, வலது மணிக்கட்டை மட்டும் ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு சொடுக்கு. என்னை ஒரு கேம்கூட எடுக்க விடாமல் தோற்கடித்தான். நான் வேர்க்க விறுவிறுக்க நின்று ஆடித் தோற்றேன்.

2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லிவர்பூல்காரர்கள் இதை அளந்து எழுதினார்கள். 13 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 11 பேர். உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட வீயில் குறைந்தது 51 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜ டென்னிஸ், நிஜக் குத்துச்சண்டை பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுமே இல்லை, பிள்ளைகளுக்கான தினசரிப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு வராது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் மாவாட்டுவதுகூடப் பெரிய பயிற்சிதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். சார்ஜ் வேண்டாம், மச்சான் வேண்டாம், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

முட்டிவைத்தியம் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் இல்லை, எனவே சர்க்கரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னதே இறுதி. மற்றதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நடைராஜா சார் சொன்ன ஆராய்ச்சி உண்மை. ஆனால் அது வேறு கருவி. அந்த வீ ஆட்டங்கள் கையை மட்டும் கேட்டன, ரிங் ஃபிட் காலைக் கேட்கிறது. எங்கள் துறையில் ஒரு வேலை எவ்வளவு கடினம் என்பதை மெட் என்ற அளவில் சொல்வோம். சும்மா உட்கார்ந்திருப்பது 1. 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடினம். 2011ல் வந்த பட்டியலில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கே தனி வரி போட்டிருக்கிறார்கள். வீயிலேயே பிறகு வந்த உடற்பயிற்சி விளையாட்டு வீ ஃபிட், அதில் யோகா, சமநிலை ஆட்டங்கள் 2.3. அதில் மூச்சு வாங்கும் ஆட்டங்கள், தசைப் பயிற்சிகள் 3.8. தரையில் அம்புக்குறியை மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வகை 7.2. அதே பட்டியலில் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேக நடை 4.3, மெதுவோட்டம் 7. பார்த்தீர்களா, நின்ற இடத்தில் சமநிலை பார்ப்பது அடியில் கிடக்கிறது, மொத்த உடம்பையும் இரண்டு காலில் சுமந்துகொண்டு குதிப்பது ஓட்டத்துக்குச் சமமாக நிற்கிறது. உடம்பில் பெரிய தசையெல்லாம் தொடையிலும் பின்பக்கத்திலும்தான் இருக்கிறது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வதும் அதுதான். பஸ்கி எடுக்க வைக்கிற விளையாட்டை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது கலோரி. விளையாட்டு முடிந்ததும் திரையில் ஒரு நேரம் காட்டும், கவனித்தீர்களா? முக்கால் மணி நேரம் ஹாலில் நின்றிருப்பீர்கள், அது 20 நிமிடம் என்று காட்டும். திரையில் எதிரியை முறைத்தது, நம் ஆளுக்கு ஜூஸ் கலந்தது, சட்டை மாற்றியது எல்லாவற்றையும் கழித்துவிட்டு நீங்கள் அசைந்த நேரத்தை மட்டும் எண்ணுகிறது. நேர்மையான கணக்குதான். உங்கள் 82 கிலோவை 3.8ஆல் பெருக்கி, 20 நிமிடம் என்பதால் மூன்றால் வகுத்தால் சுமார் 104. விளையாட்டு சொன்ன 95 பக்கத்தில் வந்துவிட்டது. கடிகாரத்தின் 290 முக்கால் மணி நேரத்தையும் சேர்த்து எண்ணியதாக இருக்கும், அதோடு வளையத்தைப் பிடித்துக் கையை ஆட்டினால் பாவம் அது என்னத்தைக் கண்டது. 290ஐ நம்பி ராத்திரி இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. உங்களுக்கு 4 நாள் 20 நிமிடம், ஆக 80 நிமிடம். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் பத்தே நிமிடம் மொட்டைமாடியிலோ தெருவிலோ நடந்தால் வாரத்துக்கு 70. கூட்டிப் பாருங்கள், 150. சாப்பிட்டவுடன் நடப்பது சர்க்கரைக்கு வேறு நல்லது. உங்கள் வீட்டம்மாவும் சமாதானமாகிவிடுவார்.

சத்தமில்லாத முறையில் தொடைக்கு வேலை குறையாது, சிலருக்குக் கூடும், குதிக்காததால் மூச்சு வாங்குவது கொஞ்சம் குறையலாம். மணி பார்க்க வேண்டாம், பேசிப் பாருங்கள். பேச்சு வருகிறது ஆனால் பாட்டு வரவில்லை என்றால் மிதமான உழைப்பு. இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சு இழுத்தால் கடினம். பாட்டே வருகிறது என்றால் நீங்கள் சும்மா நிற்கிறீர்கள். எண்தான் வேண்டும் என்றால் 220ல் வயதைக் கழித்து 182, அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 116 முதல் 138 துடிப்பு. கட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரின் கேமராவில் கட்டைவிரலை வைக்கச் சொல்லி நாடி பார்க்கிறதே, அது நின்ற பிறகு எடுக்கும் எண், ஆடும்போது இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு குறை. அந்த வளையத்தின் விறைப்பு மாறவே மாறாது. இரண்டு மாதத்தில் உங்கள் கை பழகிவிடும், அப்புறம் எண்ணிக்கை கூடுமே தவிர எடை கூடாது. முதுகுக்கு இழுக்கும் வேலையும் போதாது. ஒரு துணிப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு, குனிந்து முழங்கையைப் பின்னால் இழுத்துத் தூக்குங்கள், ஒரு கைக்குப் பன்னிரண்டு. பஸ்கியில் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடி முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், விளையாட்டு அதைச் சொல்லித் தராது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் டிராகன் ஜெயித்துவிட்டுப் போகட்டும், உட்கார்ந்துவிடுங்கள்.

பனிக்காலம் எழுதியது:

நடைராஜா அண்ணா, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கச் சொல்லுறீங்கள். நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஜனவரியில் மைனஸ் 20, தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். போன வருடம் நடக்கப் போய் விழுந்து மணிக்கட்டு வெடிச்சு ஆறு கிழமை கட்டோடு இருந்தனான்.

அதுக்குப் பிறகுதான் தலையில் மாட்டும் விஆர் பெட்டி வாங்கினது, மாட்டினால் விளையாட்டுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கும். பீட் சேபர் எல்லாருக்கும் தெரியும், பாட்டுக்கு ஏற்ற மாதிரி பறந்து வாற கட்டைகளை இரண்டு வாளால் வெட்டுறது, சுவர் வந்தால் குந்தி எழும்புறது. ஆனால் அதில் ஒரு வினோதம் இருக்கு. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் முழுக் கையையும் வீசுவோம், நல்லா வேர்க்கும். கெட்டிக்காரராகி எக்ஸ்பர்ட் பிளஸ் என்ற ஆகக் கடினமான மட்டத்துக்குப் போனால் வேகம் கூடும், அப்ப கையை வீச நேரமில்லை, திரும்ப அதே மணிக்கட்டுச் சொடுக்குத்தான். உங்கட மகன் முறுக்குத் தட்டோடு செய்தது. ஆட்டம் கூடக் கூட உடம்புக்கு வேலை குறையுது!

அதனால் நான் த திரில் ஆஃப் த ஃபைட் என்ற குத்துச்சண்டைக்கு மாறினேன். அதில் மெதுவாகத் தட்டினால் எதிராளிக்கு ஒன்றும் ஆகாது, வீசித்தான் அடிக்க வேணும், அவன்ட குத்துக்குத் தலையைக் குனிக்க வேணும், காலை மாற்ற வேணும். இரண்டு ரவுண்டில் கதைக்க ஏலாது. முட்டிவைத்தியம் சொன்ன பேச்சுச் சோதனையில் நான் ஃபெயில்.

சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுறேன். அரைக் கிலோ பெட்டியை முகத்தில் கட்டிக்கொண்டு வேர்த்தால் கண்ணாடி புகை மூடின மாதிரி ஆகும், முகத்தில் படுற பக்கத்துக்குத் துடைக்கக்கூடிய உறை வாங்கிப் போடுங்கோ, துணியென்றால் ஒரு மாதத்தில் நாறும். கட்டிலை இழுத்துத் தள்ளிவிட்டு ஆடுங்கோ. நான் தள்ளாமல் அலுமாரிக்கு ஒரு குத்து விட்டேன், மனுசி இன்னும் அந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் விருந்தாட்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவது. ஊரில் இருப்பவர்கள் ஃபேனைப் பார்த்துக்கொள்ளுங்கோ, கையை மேலே தூக்கிறதுக்கு முன்னம் ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கோ.

ரெட்டைவால்களின்_அம்மா எழுதியது:

பிள்ளைகளுக்காக இதைப் படிப்பவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. எனக்கு பத்து வயதில் இரட்டையர். "வெளியே போய் விளையாடுங்கடா" என்று சொல்லித் தொண்டை வற்றி, சரி வீட்டுக்குள்ளேயாவது ஆடட்டும் என்று ஜஸ்ட் டான்ஸ் வாங்கினோம். ஒரு மாதம் வீடே கல்யாண வீடு. அப்புறம் அதே கருவியில் கார் பந்தயம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டெக்சஸ் ஹூஸ்டனில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2012ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீயைக் கொடுத்து, ஒரு பாதிக்கு ஆடி ஓடும் விளையாட்டு, மறு பாதிக்கு உட்கார்ந்து ஆடுவது. இடுப்பில் அசைவை அளக்கும் கருவி. சுமார் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஆடு, இத்தனை நிமிடம் ஆடு என்று யாரும் சொல்லவில்லை, வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள், அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது எங்கள் வீட்டில் நானும் கூட நின்று ஆடுகிறேன். அம்மா ஆடும் அழகைப் பார்த்துச் சிரிப்பதற்காகவாவது அரை மணி நேரம் ஆடுகிறார்கள். மானம் போனாலும் பரவாயில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிடம் வேண்டும் என்கிறார்கள், மீதி அரை மணி நேரத்துக்கு சைக்கிள்தான்.

நடைராஜா எழுதியது:

பனிக்காலம் தம்பி, ஐஸ் கணக்கை நான் யோசிக்கவில்லை, வாபஸ். முட்டிவைத்தியம் ஐயா போட்ட பட்டியலையும் ஒத்துக்கொள்கிறேன், கால் அசைந்தால் சரி.

ஆனால் என் மூலக் கேள்வியை யாரும் தொடவில்லை. இது எத்தனை நாளைக்கு? 2016ல் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு வந்தபோது ஊரே போனைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க இளைஞர்களின் போனில் பதிவான நடையை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள், அதுவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்தான் வந்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு 955 காலடி கூடியது. ஆறாவது வாரம் பழையபடி. அதுவும் நடக்க வைத்த விளையாட்டு, அதற்கே அந்தக் கதி. கேள்வி கேட்டவர் இப்போது மூன்றாம் வாரத்தில் இருக்கிறார். ஏழாம் வாரம் வந்து எழுதட்டும், பேசலாம்.

இரண்டாம்மாடி எழுதியது:

ஏழாம் வாரம் வரமுடியவில்லை, மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடைராஜா சார் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும், எனக்கு வேண்டாம், உங்களுக்கு. சரியாக ஐந்தாம் வாரம் ஆபீசில் ஒரு ரிலீஸ், ராத்திரி ஒரு மணி வரை வேலை, பன்னிரண்டு நாள் வளையத்தைத் தொடவே இல்லை. அதன் மேல் காயப்போட்ட துண்டு கிடந்தது. ஜிம் கதை மாதிரியே ஆகிவிடும் என்று நினைத்தேன்.

திரும்ப எடுத்ததற்குக் காரணம் பெரிய மன உறுதி எல்லாம் இல்லை. ஜிம் என்றால் பேன்ட் மாற்ற வேண்டும், வண்டி எடுக்க வேண்டும், "என்ன சார் ரொம்ப நாளா ஆளைக் காணோம்" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இது துண்டை எடுத்தால் போதும். இப்போது வாரம் 4 நாள் எல்லாம் இல்லை, 3 நாள். ராத்திரி நடை மட்டும் தப்பாமல் நடக்கிறது, ஏனென்றால் மனைவியும் வருகிறாள், நான் வராவிட்டால் தனியாகப் போய்விட்டு வந்து பேசுவாள். அரிசிப் பையும் தூக்குகிறேன். அது ஐந்து கிலோ இல்லை, இட்லி அரிசி ஏழு கிலோ இருந்தது.

பேச்சுச் சோதனையும் தானாகவே நடந்துவிட்டது. டிராகனோடு முட்டிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள், எனக்கு "ம்" என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அவள் தங்கை குடும்பத்தோடு ஒரு வாரம் தங்க வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வந்து, தங்கி, போய்விட்டார்கள்.

ரிசல்ட்: 5.8. எடை 79. ஆனால் இடையில் நான்கு மணி டீயில் சர்க்கரையையும் நிறுத்திவிட்டேன், மைதா பிஸ்கட்டையும் நிறுத்திவிட்டேன், எனவே இதில் எது யாரால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. டாக்டரிடம் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன், சிரித்துவிட்டு "எதையோ செய்யுங்கள், நிறுத்தாதீர்கள்" என்றார்.

முட்டிவைத்தியத்துக்கு ஒரு கேள்வி. கீழ் வீட்டுக்காரர் போன வாரம் மறுபடி மேலே வந்தார். நான் சத்தமே போடவில்லை என்று ஆரம்பிப்பதற்குள், "அது இல்லை சார், எனக்கும் சுகர் எல்லையில் நிற்கிறது, அந்த வளையத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா" என்றார். வயது 61, இடது முட்டியில் தேய்மானம் இருக்கிறதாம். அவருக்கு எந்த ஆட்டங்களைத் தவிர்க்கச் சொல்வது? பதில் போடுங்கள், சனிக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் இன்னும் விளையாட்டில் பன்னிரண்டாம் உலகத்தைத் தாண்டவில்லை.